முறை

பெட்டி, தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரியது.
சோப்பு டப்பாவுக்குள் வைத்து மூடியில் துளை போட்டோம்,
விசிறி வாங்கக் காசில்லை.
மொத்தம் மூவாயிரத்து எழுநூறு.
அதில் எழுநூறு மெமரி கார்டு,
நூற்றுப்பத்து மன்னார்குடி போய்வந்த பஸ்.

இணையம் எங்கள் ஊருக்கும் வரும்,
ஆற்றுத் தண்ணீர் வருகிற மாதிரி:
மேட்டூர் திறந்தார்கள் என்று பேப்பரில் படித்து
இருபது நாள் கழித்து,
கலங்கலாக,
பாதி வாய்க்காலில்.
அதனால் பாடங்களைத் திருவாரூரில்
தங்கை வீட்டு வைஃபையில் இறக்கி
கார்டில் அடைத்து
டிபன் டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்துக் கொண்டுவந்தேன்.

வீடுகளில் சும்மா கிடந்த போன்கள் பதினொன்று தேறின.
ஒன்றில் கண்ணாடி விரிசல்,
ஒன்றில் ஏழாம் எண் வேலை செய்யாது,
ஒன்றில் இன்னும் யாருடைய கல்யாணமோ
முகப்பில் சிரிக்கிறது.
பெட்டி எட்டுப் போனுக்குத்தான் தாங்கும்.
ஒன்பதாவது சேர்ந்தால்
எல்லாருக்கும் வட்டம் சுற்றும்.

ஏழாம் வகுப்பில் முப்பத்தொரு பேர்.
நான் வகுத்து முடிக்குமுன்
லஸ்கர் செல்லக்கண்ணு மகள் மகிழ்மதி
சாக்பீஸை வாங்கிக்கொண்டாள்.
"எட்டு மடை டீச்சர். நாலு முறை.
பின்னாடி உக்காந்தவங்களுக்கு முதல்ல விடணும்,
இல்லேன்னா அங்க காஞ்சிடும்."
பயிரைச் சொன்னாளா, பிள்ளைகளைச் சொன்னாளா,
நான் கேட்கவில்லை.
கரும்பலகை ஓரத்தில் முறை எழுதி
'அழிக்காதே' என்று அடிக்கோடு போட்டாள்.

ஆவணியில் எலி சார்ஜர் ஒயரைக் கடித்தது.
ஐப்பசியில் நாலு நாள் கரண்ட் இல்லை.
ஞானப்பிரகாசம் சார் தன் பைக் பேட்டரியைக் கழற்றித் தந்தார்,
சாயங்காலம் உதைத்து உதைத்துப் பார்த்துவிட்டு
தள்ளிக்கொண்டே வீட்டுக்குப் போனார்.
உப்புக்காற்றில் பச்சை பூத்த முனைகளைப்
பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்தோம்.

யோகவர்ஷன் மட்டும்
தன் முறையைத் தினமும் ரிஸ்வானாவுக்குக் கொடுத்தான்.
கேட்டால் சிரித்தான்.
ஆய்வுக்குப் போகும் படிவத்தில்
அவன் பெயருக்கு நேரே எழுதினேன்:
'ஆர்வம் இல்லை.'
நீல மை. நல்ல கையெழுத்து.

மார்கழியில் ஒரு மத்தியானம்,
ஒளிச்சேர்க்கைப் பாடம் ஓடுகிறது.
ரிஸ்வானா ஒரு காதில் இயர்போனோடு
அவன் நோட்டில் வேகவேகமாக எழுதுகிறாள்.
திரையில் இலை விரிகிறது.
அவன் இலையையும் எழுத்தையும்
மாறி மாறிப் பார்க்கிறான்.
முள்ளியாற்றுக்கு அந்தக் கரையில் கேட்கிற மாதிரி
நான் அவன் பேரைக் கூப்பிட்டேன்.
முப்பது பேர் திரும்பினார்கள்.

"எடது காது சுத்தமா இல்ல டீச்சர்,
வலது கொஞ்சம்.
ஒங்களுக்குத் தெரியும்னு நெனச்சோம்."

ஆறு மாதம்.
கடைமடைவரை பாய்ந்துவிட்டது என்று
மாதாமாதம் கையெழுத்துப் போட்ட ஆள் நான்.

இப்போது சாப்பாட்டு மணிக்குப் பிறகு ஐந்து பேர்
வேப்பமரத்தடியில் உட்கார்ந்து
படத்துக்கு அடியில் ஓட எழுத்து தட்டுகிறார்கள்.
ஒரு நிமிடப் பாடத்துக்கு நாற்பது நிமிடம் ஆகிறது.
எண் வேலை செய்யாத போன் மகிழ்மதி கையில்,
ஏழு வரும் இடமெல்லாம்
'ஏழு' என்றே அடிக்கிறாள்.
பிழை திருத்துவது யோகவர்ஷன்.
ஒற்று விட்டுப்போனால் விடமாட்டான்,
நான் அடித்த பக்கத்தில் பதினான்கு கண்டுபிடித்தான்.
பதினாறு பாடம் முடிந்தது.
இருநூற்று நாற்பது மிச்சம்.

படிவத்தில் அந்த இரண்டு சொல்லையும் அடித்தேன்.
அடித்தாலும் படிக்க முடிகிறது.
வந்த அதிகாரி அங்கே விரல் வைத்து
"இது என்னம்மா?" என்றார்.
"தப்பு சார். என்னோடது."
சரி என்று
அடுத்த பக்கம் புரட்டினார்.