எத்தனை காய்ச்சல்

ஜனவரி ஏழாம் திகதி சாப்பாட்டு மணிக்கு
தையல் மெஷின் மேலேயே ஒரு படிவம் வைத்துப் போனார்கள்.
இந்த வருஷம் உங்கள் வீட்டில்
எவ்வளவுக்கு வருத்தம் வரும்,
பிள்ளை பார்க்க எவ்வளவு போகும்,
இப்போதே எழுதினால்
மாதாமாதம் சம்பளத்தில் பிடித்து ஒதுக்குவார்களாம்.
நாங்கள் நூறு வைத்தால் கம்பனி முப்பது வைக்கும்.
டிசம்பர் முப்பத்தொன்றுக்குள் பில் காட்டாத காசு
திரும்பி வராது.

கொட்டகலையில் நாளைக்கு மழையா என்று
ரேடியோவே தப்பாகத்தான் சொல்கிறது.
நான் காய்ச்சலை எண்ண உட்கார்ந்தேன்.
போன வருஷம் அபினயனுக்கு முட்டு மூன்று தரம்,
நடுச்சாமத்தில் டிக்கோயாவுக்கு ஓட்டோ இரண்டு தரம்,
விஜயபாலனுக்கு முதுகு.
இந்த வருஷமும் அவ்வளவு வருமென்று வைத்து
மருந்துக்கு ஆயிரத்து ஐநூறு.
பிள்ளைக்கு ஆயிரம்.
என் பேருக்கு நேரே ஒரு கோடு இழுத்தேன்.

பிள்ளையைப் பார்ப்பது
அடுத்த காம்பிராவில் செபமாலை.
காலை ஆறரைக்குத் தூங்குகிறவனைத் தூக்கிக் கொடுத்தால்
இரவு ஏழுக்குத் தூங்குகிறவனைத் திருப்பித் தருவாள்.
நடுவில் அவன் நடக்கப் பழகியதை
அவள்தான் பார்த்தாள்.

மார்ச்சில் அவளுக்காக நானே ஒரு பற்றுச்சீட்டு எழுதினேன்,
கொப்பியில் ஒற்றை கிழித்து, ரூல் போட்டு.
செபமாலை நாக்கைக் கடித்துக்கொண்டு
பெயரை முழுசாக எழுதினாள்.
அலுவலகத்தில் நதீஷா மிஸ் சிவப்புப் பென்சிலால் சுழித்தார்:
பதிவு இலக்கம் இல்லை. முத்திரை இல்லை.
அவர்மேல் குற்றமில்லை, சட்டம் அப்படி.
"அப்ப நா புள்ள பாக்கவே இல்லயா?"
செபமாலை சிரித்த சிரிப்பில்
இடுப்பிலிருந்த பிள்ளையும் சிரித்தான்.
அந்தத் தாளின் பின்பக்கம் அவன் ஆடு கீறினான்.
ஆட்டுக்கு ஆறு கால்.

அதற்குப் பிறகு அந்த வருஷம்
எங்களுக்கு ஒன்றுமே வரவில்லை.
ஏப்ரலில் முட்டு இல்லை. ஜூன் காற்றிலும் இல்லை.
விஜயபாலன் மூட்டை தூக்கிக்கொண்டு நிமிர்ந்தே நடந்தான்.
மாதாமாதம் சம்பளத் துண்டில்
சுகமாக இருந்ததற்கு ஒரு கழிவு.

டிசம்பர் பத்து.
மருந்துப் பக்கத்தில் ஒன்பதாயிரத்து நூறு மிச்சம்,
பிள்ளைப் பக்கம் முழுசும் அப்படியே.
அன்றிரவு பனி இறங்கிய நேரம்
மகன் ஒரு தரம் இருமினான்.
நான் எழுந்து நெஞ்சில் காது வைத்தேன்.
விசில் சத்தம் கேட்கிறதா என்று.
கேட்டால் பாமசியில் என்னென்ன எடுக்கலாம் என்று
ஒரு கணம்
மனசுக்குள் பட்டியல் ஓடியது.

விளக்கைப் போட்டேன்.
வாய் கசந்தது.
பிறகுதான் தெரிந்தது, கசப்பு பல்லிலிருந்து.

இடது கடவாய், கீழே.
இரண்டு வருஷமாக வலது பக்கம் மட்டும் மென்று
அதை மறந்தே போயிருந்தேன்.
காலையில் அரைநாள் லீவு எழுதி
ஹட்டனுக்கு பஸ் ஏறினேன்.
பல் டொக்டர் கேட்டார், எத்தனை நாளாக வலி?
படிவத்தில் கோடு இழுத்த நாளிலிருந்து என்று
சொல்ல வாய் வந்தது,
வாயில் பஞ்சு இருந்தது.
பில்லில் முத்திரை இருக்கிறதா என்று
இரண்டு தரம் பார்த்து வாங்கினேன்.

பிள்ளைப் பக்கத்துக் காசு போனது போனதுதான்.
செபமாலைக்கு எப்போதும்போல
சேலை முடிச்சவிழ்த்துக் கையில் கொடுத்தேன்,
நாலாயிரம், சில்லறையாக.

ஜனவரியில் படிவம் மறுபடி வந்தது.
அடுப்படியில் வைத்து நிரப்பினேன்.
பல் போன இடத்தில் மகன் விரல் விட்டு
உள்ளே என்ன என்று தேடுகிறான்.
செபமாலை எட்டிப் பார்க்கிறாள்.
"எனக்கு எத்தன காச்சல் எழுதுவ?"
உனக்கு இதில் இடமில்லை என்று சொல்லாமல்
பிரதேச சபையில் பதிவுக்கு என்ன கேட்பார்கள் என்று
அவளிடமே கேட்டேன்.
"ரெண்டு ஜன்னலும் ஒரு கக்கூசும்" என்றாள்.
அவளுடைய காம்பிராவில் ஜன்னல் ஒன்று.

பேனா என் பெயருக்கு நேரே நிற்கிறது.
இந்த முறை
ஒரு தொகை எழுதப் போகிறேன்.