நான்காவது ஆபத்து

கியாரா குன்றின் பின்சரிவில்
பழைய ரப்பர் மரங்கள் காடாகிப்போன இடத்தில்
சனிக்கிழமை ஏழரைக்கே கூடிவிடுகிறார்கள்.
பதினொரு பிள்ளைகள், பதினொரு விசில்கள்.
நான் கையெழுத்திட்ட தாள்
அஸ்லினாவின் பிளாஸ்டிக் உறைக்குள் இருக்கிறது.

வார நாள்களில் எனக்கு இழப்பீட்டுப் பிரிவில் வேலை.
முறிந்த மணிக்கட்டு, நாய்க்கடி, குளியலறையில் வழுக்கியது,
எதற்கு எவ்வளவு என்று
மேசை இழுப்பறையில் அட்டவணை உண்டு.
சுண்டுவிரலுக்கும் கட்டைவிரலுக்கும் ஒரே விலை இல்லை.
இதை வீட்டில் யாரிடமும் சொன்னதில்லை.

வந்ததும் எல்லோரும் அண்ணாந்து பார்க்கிறார்கள்.
லோஷினி ஒரு மரத்தடியிலிருந்து
மூன்று பைகளை எடுத்து வேறிடத்தில் வைக்கிறாள்.
ஏன் என்றேன். விரலை மேலே காட்டினாள்.
எனக்குத் தெரிந்தது இலைகள் மட்டும்.
கொஞ்ச நேரம் கழித்துத்தான்
ஒடிந்தும் விழாமல், ஒரு கொடியின் பிடியில்,
என் நீளத்துக்கு ஒரு கிளை.
அந்த மூன்றில் ஒன்று என் பை.

பிறகு ஆளுக்கோர் அட்டை.
"எழுதுற அட்டைதான், கடிக்கிறது இல்ல" என்று
என் மகன் ருபேன் சொன்னதற்குத்
தமிழ் தெரியாதவர்களும் சிரித்தார்கள்.
இன்றைய ஆபத்துகளை எழுத வேண்டும்; வரையவும் செய்யலாம்.
வெய் ஜியே மின்னலை மஞ்சளில் வரைந்தான்.
ருபேனின் தோளுக்கு மேலாக எட்டிப் படித்தேன்.

ஒன்று: ரோத்தான் முள்.
இரண்டு: ஈர வேர்.
மூன்று: பக்கத்தில் இருப்பவன் கத்தி.
நான்கு: அம்மா.

எட்டு வயது. எழுத்துப் பிழை இல்லை.
"ஏன்டா?"
"நீ கூப்பிட்டா நான் திரும்பிப் பார்த்துருவேன்மா.
கத்தி போயிக்கிட்டே இருக்கும்."

அஸ்லினா அதைச் சத்தமாக மலாயில் சொல்லி
எப்படிக் குறைப்பது என்று கேட்டாள்.
பிள்ளைகள் கூடிப் பேசினார்கள், என் முன்னாலேயே,
நானும் ஓர் ஈர வேர் என்பதுபோல.
தீர்மானம்: பத்தடி தள்ளி, விழுந்த மரத்தில் உட்காரணும்.
ரத்தம் வந்தாலொழிய வாய் திறக்கக்கூடாது.
ஒரு சொட்டுக்கெல்லாம் இல்லை, என்றாள் அய்னுல்.

உட்கார்ந்தேன்.
கையை நீட்டி ஒரு சுற்றுச் சுற்றுகிறான்;
விரல்நுனி எவர்மீதும் படவில்லை, தொடங்கலாம்.
முட்டி தரையில். கத்தி உடம்புக்கு வெளிப்பக்கம்.
ஒரு சீவல். இன்னொரு சீவல்.
குச்சியின் வெளிர்மஞ்சள் தெரிகிறது.
என் நாக்கின் அடியில்
"பார்த்து" என்ற சொல்
பிறந்து பிறந்து செத்தது.
விநோதமான சொல்தான்.
பார்க்கச் சொல்லிக்கொண்டே
பார்வையைப் பிடுங்கிக்கொள்கிறோம்.

கத்தி வழுக்கியது.

கட்டைவிரலின் ஓரத்தில் ஒரு கோடு,
முதலில் வெள்ளையாக,
பிறகு ஞாபகம் வந்ததுபோலச் சிவப்பாக.
கத்தியை உறையில் செருகினான். அதுதான் முதலில்.
கையை நெஞ்சுக்கு மேலே தூக்கினான்.
அதன் பிறகே என்னைப் பார்த்தான்.
அழலாமா என்று கேட்ட பார்வையா,
அழாதே என்று எனக்குச் சொன்னதா,
இன்னும் பிரித்தறிய முடியவில்லை.
ஒரு சொட்டு. இரண்டாவது வருவதற்குள்
வெய் ஜியே தண்ணீர் ஊற்றிவிட்டான்.
லோஷினி பிளாஸ்டர் ஒட்டினாள், கோணலாக.
சரிசெய்ய எழுந்த என் கையை
நானே மடியில் வைத்துக்கொண்டேன்.

திரும்பும்போது டாமன்சாராவில் நல்ல மழை.
வைப்பர்கள், சிவப்பு விளக்கு.
கணுக்காலில் ஏதோ சில்லிட்டது.
காலுறையை இறக்கினால்
கறுப்பாக, கொழுத்து, நிதானமாக ஒன்று.

அலறினேன்.
காலையிலிருந்து சேர்த்துவைத்த அத்தனையும்.

"இழுக்காதம்மா" என்றது பின்சீட்டு,
"நகத்தால ஓரத்துலேருந்து தள்ளணும்.
மொதல்ல வண்டிய ஓரமா நிறுத்து."
பின்னால் ஹார்ன்.
எப்போதோ பச்சை விழுந்திருந்தது.