திரும்பிப் போகும் கம்பி

ரொட்டிக் கடைக் காகிதப் பையைக் கிழித்து விரித்து
அதன் உட்புறத்தில் வீட்டை வரைந்தேன்.
வால்டிவியாவில் ஜூன் மாதம். மழை
எப்போது தொடங்கியது என்று யாரும் கேட்பதில்லை.

முன்னறையில் ஒதிலியாவின் செல்லோ.
விறகு அடுக்கியிருந்த பின்னறையில்
எவரிஸ்தோவின் டிரம்ஸ்.
நடுவில் அடுப்பு எரியும் அறை.
அதை அடைத்தால் ஒலி நிற்கும், குளிர் வரும்.
அடைக்கவில்லை.
மாடிப்படிக்கு அடியில், தலை இடிக்கும் இடத்தில்
நான். கேட்பவன்.

எட்டு மைக் கம்பிகள் அங்கிருந்து,
நான்கு இங்கிருந்து.
மின்கம்பியோடு கைகோத்து ஓடக் கூடாது ஒலிக்கம்பி;
ஓடினால் அதன் முனகலைக் கற்றுக்கொள்ளும்.
கடந்தே ஆக வேண்டுமென்றால்
குறுக்கே, செங்குத்தாக,
கடன் கொடுத்தவனைத் தெருவில் கண்டவன்போல
நிற்காமல்.

துளைபோட யஸ்னா வந்தாள்.
"காகிதத்தில் ஒன்பது மீட்டர்.
சுவரில் ஒன்பது மீட்டர் பதினேழு.
உன் வீடு சாய்ந்திருக்கிறது."
தெரியும். அறுபதாம் வருடம் நிலம் புரண்டபோது
கிழக்குப் பக்கம் உட்கார்ந்தது,
இன்னும் எழுந்திருக்கவில்லை.
கோலிக்குண்டைத் தரையில் வைத்தால்
தானே அடுப்பைத் தேடிப் போகும்.

துளையிலிருந்து மரத்தூள் வந்தது.
பிறகு, குளிருக்காக யாரோ திணித்த செய்தித்தாள்,
அதில் பாதி முகத்தோடு ஒரு கால்பந்து வீரன்.
பிறகு வெறும் காற்று.
பிறகு, அந்தப் பக்கத்திலிருந்து ஒதிலியாவின் கண்.

எர்த்தை எல்லாவற்றுக்கும் ஒரே இடத்தில் கட்ட வேண்டும் என்றேன்,
இரண்டு இடத்தில் நிலத்தைத் தொட்டால்
உறுமல் கேட்கும் என்றேன்.
யஸ்னா துளைக்கருவியை நிறுத்திவிட்டுச் சிரித்தாள்:
"இந்த ஊரில் போய்
நிலத்தை நம்பச் சொல்கிறாய்."

ஒரு கேபிளுக்குள் இரண்டு கம்பி.
ஒன்று சொல்வதை மற்றது தலைகீழாகச் சொல்லும்.
வழியில் தொற்றிக்கொள்ளும் இரைச்சல் மட்டும்
இரண்டிலும் ஒரே மாதிரி ஏறும்.
கடைசியில் ஒன்றைப் புரட்டிச் சேர்த்தால்
சொன்னது இரட்டிக்கும், இரைச்சல் செத்துப்போகும்.
இதை விளக்கும்போது எனக்குக் குரல் கொஞ்சம் தழுதழுக்கும்.
நம் சண்டையும் இப்படி முடிந்தால் தேவலை
என்பாள் ஒதிலியா.

விரல் நுனி வெட்டிய கம்பளிக் கையுறையோடு
காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.
எண்ணெய்க் கறைமேல் விரல் நின்றது.
"எல்லா அம்பும் உன்னிடம் வருகிறது.
எனக்கு எது வருகிறது?"

ஹெட்போன்.

பன்னிரண்டு கோடு வருகின்றன, ஒன்றும் போகவில்லை.
அவள் வாசிப்பாள், அவன் அடிப்பான்,
தனித்தனி மரப்பெட்டிக்குள்
ஒருவர் காதில் ஒருவர் விழாமல்.
நான் மட்டும் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு
படிக்கட்டுக்கு அடியில்
கடவுள் மாதிரி உட்கார்ந்திருப்பேன்.
இரண்டு வாரம் இந்தக் காகிதத்தோடு தூங்கியிருக்கிறேன்,
கண்ணில் படவில்லை.

ரப்பர் கிடைக்கவில்லை. ரொட்டியின் வெள்ளைச் சதையைப் பிய்த்து
உருட்டி அழித்தேன்.
நான்கு கோடுகளைத் திருப்பி அனுப்பினேன்.
பேசுவதற்குத் தனியாக ஒன்று:
பொத்தானை அழுத்தினால் என் குரல் அவள் காதில்.
"அழுத்தாதபோது?"
"நான் பேசுவது உனக்குக் கேட்காது."
"நல்லது. எனக்கும் ஒரு பொத்தான் போடு."

இருட்டும் முன் யஸ்னா குழாய்களைப் பதித்துவிட்டுப் போனாள்.
ஒன்றைக் காலியாக விட்டிருக்கிறாள்,
உள்ளே நைலான் நூல் மட்டும்.
எதற்கென்று தெரியாது. பிறகு ஏதாவது
இழுக்க வேண்டி வரும்.

தகரக் கூரைமேல் மழை.
அதற்கு வரைபடத்தில் கோடு கிடையாது,
எல்லா மைக்கிலும் விழும்.

நூலின் நுனி என் பக்கத்தில்
இரண்டு முறை அசைந்தது.
சூப் ஆறுகிறது என்று அர்த்தம்,
என்று நினைக்கிறேன்.