ஒன்பது மில்லி

பம்பரில் ஒரு நகக்கீறல், அவ்வளவுதான்.
ஏற்காடு ஏறும்போது பதினாலாவது கொண்டை ஊசியில்
இறங்கி வந்த பஸ்ஸுக்கு ஒதுங்கப்போய்
தடுப்புச்சுவரில் முட்டியிருக்கிறான் கொழுந்தன்.
நடக்கிற வேகம்தான் அண்ணி என்றான் இன்பராசு.
சுவரின் சுண்ணாம்பு இன்னும் ஒட்டியிருந்தது,
விரலால் தேய்த்தால் போய்விட்டது.

பார்த்தவர்கள் ஒன்றுமில்லை என்றார்கள்.
நான்தான் விடவில்லை.
ஸ்டியரிங் நேராக இல்லை,
வலது பக்கம் ஒரு பொடி திருப்பிப் பிடித்தால்தான்
வண்டி நேராகப் போகிறது என்றேன்,
எல்லோரும் சாப்பிட உட்கார்ந்த நேரமாகப் பார்த்து.
பிசைந்த சோற்றையே பிசைந்துகொண்டிருந்தான்.

அரிசிப்பாளையம், பெலிக்ஸ் பட்டறை.
பெலிக்ஸ் கீறலைப் பார்க்கவே இல்லை.
ஓமலூர் ரோட்டில் கொஞ்ச தூரம் ஓட்டி
ஐம்பதில் கையை எடுத்தார்.
வண்டி தானாக இடப்பக்கம் ஒதுங்கியது
கடன்காரனைக் கண்டவன் போல.
ரோடு சரிவாக இருக்கும் என்றேன்.
இருக்கும்ங்க என்றார்.

திரும்பி வந்து, பின்சக்கர நடுவிலிருந்து
முன்சக்கர நடுவுக்கு நைலான் நூல் கட்டினார்.
வலது பக்கம் அளந்து முடிச்சுப் போட்டார்.
அதே நூலை இடது பக்கம் பிடித்தபோது
முடிச்சு சக்கரத்தைத் தாண்டி நின்றது.
ஒன்பது மில்லி.
ஒரு சுண்டுவிரல் அகலம்கூட இல்லை.

இன்பராசு பர்ஸை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டான்.

ஜாக்கி ஏறியது. சக்கரத்தை மேலும் கீழும் ஆட்டினார்,
பக்கவாட்டில் ஆட்டினார். ஆட்டமில்லை.
கழற்றாமலே டயரின் மேல் உள்ளங்கையை வைத்து
உள்ளே தள்ளினார், வெளியே இழுத்தார்.
நீங்களும் தடவுங்க என்றார்.
தள்ளும்போது வழுவழுப்பு,
இழுக்கும்போது ரம்பம்.
இப்படித் தேய நாலாயிரம் கிலோமீட்டராவது வேணும்ங்க.

எனக்கு அப்போதே புரிந்திருக்க வேண்டும்.

டார்ச்சோடு அடியில் போனார். குரல் மட்டும் வந்தது.
லோயர் ஆர்ம் மடங்கியிருக்குதுங்க,
மடிப்புல பெயிண்ட் வெடிச்சிருக்கு,
வெடிப்புக்குள்ள துரு.
முந்தாநாள் அடின்னா வெள்ளையா மின்னும்.
இது மழை பார்த்த துரு.
காயத்துக்கு வயசு இருக்குதுங்க.

ஐப்பசி. கொண்டலாம்பட்டி பாலத்துக்குக் கீழே
தண்ணீர் நிறைந்து ரோடு போலவே கிடந்த குழி.
காலடியில் தேங்காய் உடைத்த சத்தம்.
வைப்பர் மட்டும் ஒன்றும் நடக்காதது போல
போய்ப் போய் வந்தது.
மறுநாள் செவ்வாய்ப்பேட்டையில்
ரிம்மைத் தட்டி நிமிர்த்த நானூற்றைம்பது.
கணக்கு நோட்டில் மளிகை என்று எழுதினேன்.

பெலிக்ஸ் கையைத் துணியில் துடைத்தபடி வெளியே வந்தார்.
யார் ஓட்டினது என்று கேட்கவில்லை.
மெக்கானிக் கேட்கிற கேள்வி வேறு:
பில்லு யார் பேருக்குங்க?

பையன் டீ கொண்டுவந்து வைத்தான்.
ஆறி ஆடை படிகிறவரை பார்த்துக்கொண்டிருந்தேன்.
பிறகு என் பெயரைச் சொன்னேன்,
இனிஷியலோடு.
இன்பராசு பர்ஸை மூடவும் இல்லை, என்னைப் பார்க்கவும் இல்லை.
சுண்ணாம்பு இருந்த இடத்தைப் பார்த்து
எப்ப அண்ணி? என்றான்.
தீபாவளிக்கு முன்னால் என்றேன்.

மூன்றாம் நாள் வண்டி வந்தது.
புது ஆர்ம், அலைன்மென்ட், நூலில் முடிச்சு இரண்டு பக்கமும் ஒன்று.
சாரதா காலேஜ் ரோட்டில் நானே ஓட்டினேன்,
பக்கத்தில் அவன்.
வண்டி மெல்ல வலப்பக்கம் போனது.
பெலிக்ஸ் சரியாகச் செய்யவில்லை என்று
சொல்ல வாயெடுத்தேன்.

அண்ணி, கையை எடுங்க என்றான்.

எடுத்தேன்.
நேராகப் போனது.
எட்டு மாதமாகப் பிடித்த பிடி,
விரல்கள் வெறுங்காற்றிலும்
வலப்பக்கம் திரும்பியே இருந்தன.