கப்பல் வராத இரவின் பில்

ஸ்ப்ளிட் துறைமுகத்தில், பல் மருத்துவர் ஒருவரின் மேல்மாடியில்
எங்கள் அலுவலகம்: மூன்று மேசை, ஒரு ஹீட்டர்.
தீவுகளுக்குப் போகும் படகுகளின் டிக்கெட்
எங்கள் வழியாகத்தான் கடலைக் கடக்கிறது.
கடலை நான் பார்ப்பது குறைவு.
பார்ப்பது வரைபடத்தை:
விநாடிக்கு எத்தனை பேர் கதவைத் தட்டுகிறார்கள்.

ஜூலை சனிக்கிழமைகளில் காலை ஐந்தரைக்கு
ஜெர்மன்காரர்கள் எழுவார்கள்,
கோடு செங்குத்தாய் ஏறும்.
நவம்பரில் அதே கோடு
இரை விழுங்கிப் படுத்த பாம்பு.
ஆனால் பன்னிரண்டு சர்வர்களும்
வருஷம் முழுக்க விழித்துக்கிடந்தன,
கல்யாணம் முடிந்த மண்டபத்தில்
யாரும் நிறுத்தாத மின்விசிறிகள்போல.

கணக்கு பார்க்கும் நெவென்கா
பில்லை என் மேசையில் வைத்தாள்.
ஒரு வார்த்தை இல்லை.
தொகையைச் சுற்றிப் பேனாவால் ஒரு வட்டம்.

டோன்சி சொன்னான்:
"பெரிய இயந்திரம் ஒன்று போதும், வெட்ரானா.
ஒரே யானை, ஒரே பாகன்."
யானை ஒருநாள் படுத்துக்கொண்டால்?
அவன் காப்பிக் கோப்பையைக் கழுவப் போய்விட்டான்.

கூட்டம் வந்தால் தானாகப் பெருகட்டும்,
கலைந்தால் தானாகச் சுருங்கட்டும் என்று விட்டுப் பார்த்தேன்.
அழகான ஏற்பாடுதான்.
ஆனால் புது சர்வர் கண் விழிக்க நாலு நிமிஷம்.
அதற்குள் ம்யூனிக்கில் ஒருவர்
பட்டனை ஏழு முறை அழுத்திவிட்டு
கிரீஸுக்கு விமானம் பிடித்துவிடுவார்.

கடைசியில் படகுகளின் கால அட்டவணையையே
சர்வர்களுக்கும் கொடுத்தேன்.
ஐந்து மணிக்கு எட்டுப் பேர் எழுங்கள்,
பத்தானதும் ஐந்து பேர் படுங்கள்.
என்றைக்கும் வேண்டிய இரண்டுக்கு மட்டும்
வருஷக் குத்தகை பேசி விலை குறைத்தோம்.
எதிர்பாராத நாளுக்கு, தானாகப் பெருகும் வழியும் திறந்தே இருக்கட்டும்.
விரலுக்குத் தகுந்த வீக்கம்.
நெவென்காவின் வட்டம் சிறுத்தது.

ஜனவரியில் மலையிலிருந்து புரா இறங்கியது.
அம்மி பறக்கும் என்பார்களே, அந்த ஜாதிக் காற்று.
கீழே பல் மருத்துவரின் பெயர்ப்பலகை
தெருமுனையில் கிடந்தது.
இரவு பதினொன்றுக்கு என் போன் அலறியது:
கோடு ஏறுகிறது. ஜூலையைவிட உயரமாய்.
இரண்டு ஆறாகி, ஆறு பதினெட்டாகி,
பணம் மணிக்கணக்கில் ஒழுக
ஒரு டிக்கெட்கூட விற்கவில்லை.

யார் இவர்கள்?
விஸ் தீவில் இருப்பவர்கள், லாஸ்டோவோவில் இருப்பவர்கள்,
நிமிஷத்துக்கு ஒருமுறை பக்கத்தைப் புதுப்பிப்பவர்கள்.
ஒவ்வொரு முறையும் நாங்கள்
இருக்கைகளை எண்ணி, கட்டணத்தைக் கூட்டி,
கார் நிறுத்த இடம் தேடி,
கோடைத் தள்ளுபடிப் படத்தையும் சேர்த்து அனுப்பினோம்.

அவர்களுக்கிடையே ஒரு கடிதம், ஃபனிதா என்பவரிடமிருந்து:
"நாளை பதினொரு மணிக்கு ஸ்ப்ளிட்டில் எனக்குக் கண் அறுவை.
படகு உண்டா, இல்லையா?
அதை மட்டும் சொல்லுங்கள்."

உண்டா, இல்லையா.
இத்தனை ஆயிரம் பேருக்கும் ஒரே கேள்வி,
ஒரே பதில்.
அதைப் பதினெட்டு சர்வர்கள்
தனித்தனியாய் யோசித்துக்கொண்டிருந்தன.

துறைமுக அதிகாரிக்கு போன் போட்டேன்.
பிறகு ஒரு வெள்ளைப் பக்கம், கறுப்பு எழுத்து,
படம் இல்லை, பட்டன் இல்லை:
"நாளை காலை எந்தப் படகும் இல்லை. காற்று.
அடுத்த தகவல் ஆறு மணிக்கு."
ஒருமுறை எழுதி, நகலெடுத்து வாசலிலேயே வைத்தேன்.
வந்தவர்கள் படித்துவிட்டுத் திரும்பினார்கள்,
உள்ளே யாரையும் எழுப்பாமல்.

பதினெட்டு ஒன்பதானது. நாலானது.
இரண்டு.
அந்தப் பக்கத்துக்கு அன்றிரவு ஆன செலவு
அரைக் கோப்பை காப்பி.

ஃபனிதாவுக்குத் தனியாகவும் எழுதினேன்.
மருத்துவமனையின் எண்ணைச் சேர்த்து அனுப்பினேன்.
பதில் வந்தது:
"சரி. அப்படியானால் தூங்குகிறேன்."

பிப்ரவரியில் நெவென்கா
மறுபடி ஒரு காகிதத்தை வைத்தாள்.
மின்சார பில்.
வட்டம் இந்த முறை
ஹீட்டரைச் சுற்றி.