அரை விரல் சோக்கு

முழுசாகக் கொடுக்காதீங்க என்றாள் பிரீஜா.
திருவட்டார் வட்டார வள மையம்,
செவ்வாய்தோறும் பத்தரைக்கு எங்கள் முறை.
பெட்டி பிரிக்காமல் நான் வாங்கிப் போன சோக்கை
ஒவ்வொன்றாக எடுத்து
டக், டக்கென்று மூன்றாக ஒடித்தாள்.
காசு கொடுத்து வாங்கினது டீச்சர், என்றேன்.
சிரித்தாள்.
நீளமாக இருந்தால் கம்பைப் பிடிக்கிற மாதிரி
முழுக் கையாலும் பிடிப்பான்.
இது பாருங்க,
இதில் மூணு விரலுக்குத்தான் இடம்.

ஜெஃப்ரினுக்கு ஐந்து வயசும் நாலு மாசமும்.
சட்டைப் பொத்தான் அவனுக்குப் பூட்டிய வீடு.
வாய்க்குப் புறப்பட்ட ஸ்பூன்
காதுப் பக்கம் திரும்பிவிடும்.
முதல் நாள் சோக்கைத் தின்றான்.
இரண்டாம் நாள் ஓடையில் எறிந்தான்.
மூன்றாம் நாள் மழை.
பொன்மனையில் மழைக்கு இரண்டு சீசன்,
இடையில் வரும் வெயிலும் ஈரமாகத்தான் இருக்கும்.
சோக்கு நமத்துப்போய் சுவரில் பிடிக்கவில்லை.
பிஸ்கட் டப்பாவில் அரிசி போட்டு
அதற்குள் புதைத்து வைத்தேன்.

நான் பால்வெட்டுக்காரி.
விடிய நாலு மணிக்கு நெற்றியில் லைட்டைக் கட்டினால்
முந்நூற்றிருபது மரம்.
பட்டையை ஒரு நூல் கனத்துக்குச் சீவ வேண்டும்.
கொஞ்சம் ஆழம் போனால் மரத்துக்குக் காயம்,
கொஞ்சம் மேலாகப் போனால் பால் இல்லை.
இந்தக் கணக்கை என் கையிடம் யார் சொன்னது?
கத்தியில் எந்த விரல் எங்கே இருக்கிறது என்று
பதினோரு வருசத்தில் ஒருநாளும் பார்த்ததில்லை.
திரும்பி வரும் பஸ்ஸில்
டிக்கெட்டைக் கத்தியாக நினைத்துப் பிடித்துப் பார்த்தேன்.
பெருவிரல், ஆள்காட்டி விரல்,
அடியில் முட்டுக் கொடுத்து நடுவிரல்.
மடியில் உறங்கியவன்
ஐந்து விரலாலும் என் சேலையைப் பற்றியிருந்தான்.

சுவரில் வரைய விடுங்க, மணிக்கட்டு தானாக நிமிரும்.
எழுத்து பிறகு வரட்டும்.
நீங்க போட்ட கோட்டை
நனைந்த பஞ்சால் அவன் அழித்தால் போதும்.
அழிப்பதில் என் மகன் கெட்டிக்காரன்.
நான் குடை போட்டேன், அழித்தான்.
பஸ் போட்டேன்,
சக்கரத்தை மட்டும் விட்டுவிட்டு அழித்தான்.
வளைகுடாவிலிருந்து வீடியோவில் பார்த்த அவன் அப்பா
இதுக்கா பஸ் ஏறிப் போற, ஏட்டி, என்றார்.
போனைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தேன்.
மிச்சமிருந்த ரெண்டு சக்கரத்தையும்
நல்லாப் பார்க்கட்டும்.

வேலை முடிந்து வரும்போது
என் விரலெல்லாம் பால் காய்ந்து ஒட்டியிருக்கும்.
ஒருநாள் கழுவப் போனவளின் கையை
இழுத்து வைத்துக்கொண்டான்.
நகக்கண்ணில் சுருண்டிருந்த நூலை
ரெண்டு விரலால் கிள்ளினான்.
நழுவியது. திரும்பக் கிள்ளினான்.
இழுத்தான்.
நீண்டது, நீண்டுகொண்டே போய்
அறுந்து அவன் மூக்கிலேயே அடித்தது.
என்ன ஒரு சிரிப்பு!
இதையும் நோட்டில் எழுதுங்க, என்றாள் பிரீஜா,
எத்தனை நிமிஷம்னு.
இருபது என்று எழுதினேன்.
கணக்குப் பார்த்தால்
உலையில் போட்ட அரிசி குழைந்துபோகும் வரை.

இன்றைக்கு விடியுமுன்
வீட்டுக்குப் பக்கத்து முதல் மரத்தில்
லைட் பட்டபோது,
என் வெட்டுக்குக் கீழே ஒரு வெள்ளைக் கோடு.
நடுங்கி, நின்று,
பட்டையின் முண்டைச் சுற்றி மறுபடி கிளம்பி.
சரிவு தப்பு.
இடமிருந்து வலம் இறங்க வேண்டியது
ஏறிப் போகிறது.
இந்தக் கோட்டில் ஒரு சொட்டுப் பாலும்
சிரட்டைக்கு வந்து சேராது.
மரத்தடியில் கிடந்தது,
பயறுமணி அளவுக்குத் தேய்ந்த சோக்கு.
எடுத்துப் பிடித்துப் பார்த்தேன்.
என் விரல்களுக்கு அதில் இடம் போதவில்லை.

கத்தியை மடக்காமல் அடுத்த மரத்துக்கு நடந்தேன்.
மேஸ்திரி கேட்டால்
முந்நூற்றிருபதும் வெட்டியாச்சு என்பேன்.