ஆணிக் கிடங்கு

உரும்பிராயில்
புகையிலை உணர்த்திய கொட்டிலொன்றை
மூன்று மாத வாடகைக்கு எடுத்து
உரோமப் படைமுகாமின் கொல்லுப்பட்டறை ஆக்கினோம்.

வரைபடம் சொன்னது: வெளிச்சம் குறைவு.
இரும்பு பழுக்கும் நிறம்
இருட்டில்தான் பிடிபடும்.
கிழக்குச் சுவரில் விழுந்திருந்த ஓட்டையைக்
கிடுகால் அடைத்தோம்.
கிடுகு உரோமாபுரியில் இல்லை என்று
குறிப்பேட்டில் எழுதினேன்.
ஓக் குற்றிக்குப் பதில் வேம்பு. எழுதினேன்.
கரிக்குப் புளி. எழுதினேன்.
புகையிலை மணம் போகவேயில்லை,
அந்தச் செடியை அவர்கள் கண்டதில்லை.
அதையும்.

பட்டடைக்கென்று மரியநாயகம் கொண்டுவந்தது
ஒன்றரை அடித் தண்டவாளம்.
முதலில் ரயிலுக்கு, பிறகு பங்கருக்கு,
பிறகு அவருடைய வெல்டிங் கடைக்கு.
"இது சரிவராது" என்றேன்.
"இரும்புதானே, மிஸ்?"
"அவர்களுடையது சதுரக் கட்டி. அடியில் முளை."
ஒரு கிழமை ஆளைக் காணோம்.
பிறகு சதுரமாக வெட்டி, முளை வைத்து,
வேம்பில் இறக்கியிருந்தார்.
கிறைண்டருக்குத் தப்பிய இரண்டு எழுத்து மட்டும்
பக்கவாட்டில்.

வாள் அடிப்போம் என்று நினைத்துத்
துருத்தி ஊத வந்தவள் துவாரகி.
ஆணி என்றேன்.
கூரைக்கு ஆணி, செருப்புக்கு ஆணி.
படை நடந்தது ஆணியில்.

முதல் நாள் பதினொன்று, அதில் ஏழு கோணல்.
உதிர்ந்த செதிலைக் காந்தத்தால் கூட்டினோம்.
செதிலோடு ஒட்டி வந்தது இன்னொன்று,
சுண்டுவிரல் நகமளவு, ஓரம் கிழிந்தது.
தனிப் பையில் போட்டேன்.
காலம் என்ற கட்டத்தை நிரப்பவில்லை.

தேத்தண்ணி நேரம் சொன்னேன்:
பிரித்தானியாவின் வடக்கே ஒரு முகாம்.
விட்டுப் போகையில்
எதிரிக்கு இரும்பு கிடையாதபடி
எட்டு இலட்சத்துக்கும் மேல் ஆணிகளைப்
பட்டறைக்குள்ளேயே தாட்டுவிட்டுப் போனார்கள்.

மரியநாயகம் கோப்பையைக் கீழே வைத்தார்.
"திரும்பி வந்து எடுத்தவையோ?"
"இல்லை."
கனநேரம் துருத்தித் தோலைப் பார்த்தபடி இருந்தார்.
"தொண்ணூற்றைஞ்சில நானும் தாட்டனான்.
வெல்டிங் பிளான்ற், குறடு,
மனிசியின்ர தையல் மெஷின் தலை."
ஊது என்று துவாரகிக்குக் கைகாட்டினார்.

கடைசி நாள், நாற்பத்துமூன்று ஆணி.
கொட்டில் மூலையில் அலவாங்கு போட்டார்.
செம்மண், முழங்கை ஆழம்.
எங்கள் வரைபடத்தில் கிடங்கு இல்லை,
நான் தடுக்கவுமில்லை.
குறிப்பேட்டைத் திறந்து
அளவுநாடாவின் நுனியைச்
சுவரோரம் வைத்தேன்.

"சுவரில இருந்து அளக்காதையுங்கோ, மிஸ்.
கிணத்தில இருந்து அளந்து எழுதுங்கோ."